இடது வளைவில் அலறிய வண்டி

எலிஹியோவின் வண்டி மலை ஏறாததற்கு அவன் விரல்தான் காரணம் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவள் நான். சும்மா சொல்லவில்லை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கிளட்ச் லீவர்மேல் எந்நேரமும் விரலைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் கிளட்ச் எப்படி முழுசாகப் பிடிக்கும், வழுக்கத்தான் செய்யும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஹாராபகோவா ஊருக்கு மேலே இந்த மலைச்சாலையில் பைக் விஷயம் என்றால் மெக்கானிக் யுடெல்கா, அதாவது நான், சொன்னதுதான் முடிவு.

எங்கள் நிறுத்தத்தில் பதினான்கு பேர் பைக்கில் ஆள் ஏற்றுகிறார்கள். எண் போட்ட பச்சை மேல்சட்டை இல்லாதவன் அங்கே நிற்கவே முடியாது. மலை ஏறும்போது பயணியை இறக்கி நடக்க வைத்தால் ஓட்டுகிறவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் சட்டை அடுத்தவனுக்கு. வண்டியில் கோளாறு என்று மெக்கானிக் சொன்னால் கோடு கிடையாது. ஓட்டுகிறவன் கை சரியில்லை என்றால் உண்டு. எலிஹியோவுக்கு மூன்றும் விழுந்தது என் வாயால்தான். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நிறுத்தத்தின் தலைவர் ஃபௌஸ்தோ அவன் சட்டையை வாங்கித் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாக இருந்தது. அந்தச் சட்டை போனால் எலிஹியோவுக்கு வேறு பிழைப்பில்லை.

அன்று காலை அவன் என் பட்டறைக்கு வந்தான். அவன் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், அடித்துக்கொண்டாலும் ‘நீங்க’தான்.

“கொமாத்ரே, என் பின்னாடி உக்காந்து மேல வாங்க. என் விரலை நீங்களே பாருங்க. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க.”

சரி, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். ஏறுமுன் லீவரை இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தேன். ஒரு நாணயத்தின் கனத்துக்குத் தளர்வு இருந்தது. அவ்வளவு இருந்தால் போதும். சமதளத்தில் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகச் சொன்னேன். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது. ஆனால் வண்டி பாய்ந்தது. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் காதில் கத்தினேன்.

ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு வலது பக்கம், அலுங்காமல் ஏறினோம். இரண்டாவது, இடது பக்கம், செங்குத்து. அவன் ஹேண்டில்பாரைத் திருப்பியதும் இன்ஜின் அலறியது, வண்டி சோர்ந்தது. சட்டென்று எட்டி அவன் இடது கையைப் பார்த்தேன். நாலு விரலும் ரப்பர் பிடியைச் சுற்றியிருந்தன. லீவர்மேல் ஒன்றுகூட இல்லை.

வளைவு முடிந்து ஹேண்டில்பார் நேரானதும் கிளட்ச் பிடித்துக்கொண்டது. அடுத்த வலது வளைவில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த இடது வளைவில் மறுபடி அலறல். நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

ஹேண்டில்பாரை முழுசாக இடது பக்கம் திருப்பி லீவரைத் தொட்டேன். தளர்வே இல்லை. கேபிள் ஈரத்துணி காயும் கொடிபோல இழுத்து நின்றது.

எங்கள் மலையில் காஸ் சிலிண்டர் பெட்ரோல் டாங்க்மேல்தான் பயணம் செய்யும், ஓட்டுகிறவன் இரண்டு கைக்கும் நடுவே. சாதா ஹேண்டில்பார் அதில் இடிக்கும். அதனால் பலரும் உயரமான ஹேண்டில்பார் போட்டுக்கொள்கிறார்கள். எலிஹியோவுக்கு அதை மாட்டியது யார்? நான். இரண்டு மாதம் முன்பு, பழைய குட்டைக் கேபிளையே இழுத்துப் பிடித்து, அட்ஜஸ்டரைக் கடைசிவரை திருகி எட்ட வைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். நேராக வைத்துத்தான் தளர்வு பார்த்தேன். திருப்பிப் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹேண்டில்பாரே கிளட்சை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

எலிஹியோவுக்கும் புரிந்துவிட்டது. கத்துவான் என்று நினைத்தேன். சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான்.

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, கொமாத்ரே. உங்க வாய் சொன்னதை உங்க வாயே மாத்தட்டும்.”

அவன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் நேர்மையாகச் சொன்னால், வெட்கம். பட்டறைக்கு வந்து நீளக் கேபிள் ஒன்றை எடுத்து, எங்கும் மடங்காமல் கொண்டுபோய் மாட்டினேன். இன்ஜின் பக்க அட்ஜஸ்டரை முதலில் சரிசெய்தேன், பிறகு லீவரில் நாணயக் கனத்துக்குத் தளர்வு வைத்தேன். இடது, வலது, நேர், மூன்றிலும் அதே தளர்வு. லாக் நட்டை இறுக்கி மறுபடி மேலே போனோம். எல்லா இடது வளைவிலும் கிளட்ச் கெட்டியாகப் பிடித்தது. கிளட்ச் தட்டுகள் கருகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

வண்டி ஏறுகிறதே, இனி வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்றும் ஒரு நப்பாசை வந்தது. பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு நிறுத்தத்தில் எலிஹியோ சட்டையைக் கழற்றி மடித்து, எல்லாரும் டொமினோ ஆடும் மேஜைமேல் வைத்தான். வண்டி இப்போது நன்றாக ஏறுகிறது என்றேன். ஃபௌஸ்தோ சிரித்தார்.

“அப்ப விரலை எடுத்துட்டான்னு அர்த்தம். நீதான, யுடெல்கா, விரல்னு சொன்ன? சட்டை போனது போனதுதான்.”

“விரல் இல்ல” என்றேன். “நான் மாட்டின ஹேண்டில்பார். கேபிள் குட்டை. திருப்பிப் பாக்காம விட்டது நான். அந்த மூணு கோடும் என்னோடது.”

ஒருவன் எழுந்து தன் வண்டியின் ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பி லீவரைத் தொட்டுப் பார்த்தான். இன்னொருவன் எழுந்தான். அங்கே ஒன்பது வண்டிக்கு நான்தான் உயர ஹேண்டில்பார் மாட்டியிருந்தேன். அதில் ஐந்தில் தளர்வு இல்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஃபௌஸ்தோ என்னைப் பார்க்காமலே சட்டையை எலிஹியோ பக்கம் தள்ளினார்.

இனி வண்டியை யாரிடம் விடுவது என்று ஒருவன் முணுமுணுத்தான். எலிஹியோ சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த ஆளுக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டான்.

“அஞ்சு வண்டி இருக்கு, கொமாத்ரே. நாளைக்குள்ள முடிச்சிருவீங்களா?”

முடித்துவிடுவேன் என்றேன். முணுமுணுத்தவன்தான் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பின்னால் வந்தான்.