ஒரே ரேக்கில் மூன்று பிரதிகள்

"கையை எடு! அந்த டிஸ்க்கைத் தொடாதே! எடுத்துட்டியா?"

தராசு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றபடியே கத்தினார். ஹெட்செட்டின் மறுமுனையில், இரண்டு மாடி கீழே மெஷின் அறையில், ஸ்பானர் பெருமூச்சு விட்டாள்.

"எடுத்துட்டேன் சார். நீங்க கத்தின கத்துல அதுவே பயந்து நின்னுடும் போல."

"நிக்கக் கூடாதுன்னுதான் கத்தறேன்."

தராசு என்பது அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர். அவசர உதவி எண்ணுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் பதிவாகி, இந்தக் கட்டடத்தில் ரேக் எனும் நான்கு இரும்பு அடுக்குகளில், அடுக்குக்கு ஆறாக நிற்கும் இருபத்துநான்கு சர்வர்களில் போய் உட்காரும். குருவி தலையில் பனங்காயாக ஒரு சர்வர் திணறாமல், பக்கத்துச் சர்வர் சும்மா காற்று வாங்காமல், பாரத்தைப் பங்குபோட்டு வைப்பது அவர் வேலை. ஸ்பானர் ஹார்ட்வேர் டெக்னீஷியன். திருகாணியைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

காலை பதினொன்றுக்கு நான்காவது ரேக்கின் மின்சாரப் பெட்டி புகைந்து எரிந்தது. அதிலிருந்த ஆறு சர்வர்களில் ஐந்து செத்தன. ஆறாவது குற்றுயிராக முனகிக்கொண்டிருந்தது.

ஒரு ரேக் போனால் குடி முழுகிவிடாது. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள். மூன்றும் மூன்று வெவ்வேறு ரேக்குகளில் இருக்க வேண்டும் என்பது விதி. எந்தச் சர்வர் எந்த ரேக்கில் என்று எழுதி வைத்த மேப்பைப் பார்த்து சிஸ்டமே அதைப் பிரித்து வைக்கும். ஒன்று எரிந்தாலும் இரண்டு மிஞ்சும். ஆனால் திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: காணவில்லை, 212. அவற்றின் கடைசிப் பிரதி அந்தக் குற்றுயிர் சர்வரின் டிஸ்க்கில் இருந்தால்தான் உண்டு.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றையேதான் தராசு திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பகல், மூன்று பத்துக்கு வந்த அழைப்பு. பதினோரு நிமிடம். பேசியவன் அவருடைய அக்கா மகன். இருபத்தாறு வயது. வீட்டில் தனியாக இருந்தபோது மூச்சிரைப்பு வந்து, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டான்.

அவனுடைய ஃபோனைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அது பூட்டியபடியே அலமாரியில் கிடக்கிறது. அக்காவுக்கு மகனின் குரல் என்று மிச்சமிருந்தது இந்தப் பதினோரு நிமிடம்தான். ஆறு மாதம் படியேறி இறங்கி, பதிவின் நகலைத் தரச் சொல்லி உத்தரவு வாங்கியிருந்தாள். அந்தக் காகிதத்தோடு கீழே வரவேற்பறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மேஜை ஃபோன் அடித்தது. அவளேதான்.

"டேய், ஏதோ எரிஞ்சு போச்சுன்னு இங்க பேசிக்கறாங்க. அவன் பத்திரமா இருக்கானாடா?"

பதிவு பத்திரமா என்று கேட்கவில்லை. அவன் பத்திரமா என்று கேட்டாள்.

"பாத்துட்டு இருக்கேங்கா."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம். பொறுமையா எடு. காத்திருக்கறது எனக்குப் பழகிப்போச்சு."

அவர் ஃபோனை வைப்பதற்குள் ஹெட்செட்டில் ஸ்பானர்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? மேப்புல இந்த சர்வர் ரெண்டாவது ரேக்னு போட்டிருக்கு. நான் நாலாவது ரேக் முன்னாடி நிக்கறேன். புது சர்வர் ஆறும் அப்படித்தான் இருக்கு. ரெண்டு ஒண்ணாவதுலயாம், ரெண்டு ரெண்டாவதுலயாம், ரெண்டு மூணாவதுலயாம். ஆறும் இங்க வரிசையா நிக்குது. எந்தப் புண்ணியவான் சார் இப்படி எழுதினது?"

"நான்தான்."

 

எட்டு மாதத்துக்கு முன் அந்த ஆறு சர்வர்கள் வந்த நாளில், பழையவை தொண்ணூற்றுமூன்று சதம் நிரம்பி மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. புது ரேக் என்று மேப்பில் உள்ளபடி எழுதினால், மொத்தத் தரவும் இடம் மாறும். மூன்று நாள் ஆகும். பழைய ரேக்குகளின் பெயரிலேயே புதியவற்றைச் செருகிவிட்டால் அந்தந்த ரேக்குக்குள் மட்டும் நகரும், சாயங்காலத்துக்குள் முடியும். மேனேஜர் சாயங்காலம் என்றார். நாளைக்குச் சரியாக மாற்றிக்கொள்ளலாம் என்று தராசு பொய்யை எழுதினார். அன்றைக்கு வந்த புது அழைப்புகள் காலியான புது சர்வர்களுக்கே போகும்படியும் வைத்தார். மூன்று ரேக்கில் மூன்று பிரதி என்று நம்பி, சிஸ்டம் மூன்றையும் ஒரே ரேக்கில் அடுக்கியது.

அந்த நாளைக்கு வரவேயில்லை. அன்று சாயங்காலம் வந்தது அக்காவின் அலறல். அதற்குப் பிறகு அந்த மேப்பைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

"சார், டிஸ்க் சத்தம் போடுது. எல்லா சர்வரும் ஒரே நேரத்துல இதைப் பிச்சுத் திங்குதுங்க."

அதுதான் ஆபத்து. பிரதி குறைந்ததைக் கண்டுகொண்ட சிஸ்டம், எல்லாவற்றையும் மறுபடி மூன்றாக்கப் பாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பிரதிகளில் மிஞ்சிய ஒன்றை வைத்திருந்த அந்த ஒரே டிஸ்க், ஒரே சமயத்தில் நூறு பேருக்குப் பதில் சொல்லித் தேய்ந்துகொண்டிருந்தது.

தராசு நகலெடுப்பை நிறுத்தினார். உடனே மேனேஜர் லைனில் வந்தார்.

"தராசு, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? பாரம் பிரிக்கறதும் சேர்ந்து நின்னுபோச்சு. ஏழாவது சர்வர் தொண்ணூற்றுநாலு சதம் நிரம்பிடுச்சு. தொண்ணூற்றஞ்சு ஆச்சுன்னா புது கால் எதுவும் பதிவாகாது!"

"ஏழுல இருந்து பதினொண்ணுக்கு நானே கையால தள்ளிவிடறேன் சார். அந்த டிஸ்க் அரை மணி நேரம் மூச்சு விடணும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா என் சீட்டைக் கிழிச்சுடுங்க."

ஒரு கண் ஏழாவது சர்வரில், ஒரு கண் குற்றுயிரான டிஸ்க்கில். துணுக்குத் துணுக்காகப் பாரத்தை இறக்கினார். 94.6. 94.4. 94.1. இந்தப் பக்கம், அவர் முதலில் எடுக்கச் சொன்ன அக்கா மகனின் பதிவு சொட்டுச் சொட்டாக இறங்கியது. பதினோரு நிமிடத்தில் இரண்டு நிமிடம் வந்தது. நான்கு. ஏழு. ஒன்பதில் நின்றது.

"சார்," ஸ்பானரின் குரல் தணிந்திருந்தது. "இனிமே இது தாங்காது. விட்டுடலாமா? எரிஞ்ச ரேக் சார். யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

 விடு என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பதினோரு நிமிடம் அடங்கிவிடும். அதில் என்ன இருக்கக்கூடும் என்று எட்டு மாதமாகப் படுக்கையில் புரண்டவருக்கு, அது தெரியாமலே போய்விடும். வாய் அந்த வார்த்தையின் முதல் எழுத்துவரை போய்விட்டது.

கீழே ஒருத்தி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டிஸ்க்கை வெளிய எடு. ஒரு நிமிஷம் ஆற விடு. திருப்பிப் போடு."

"செத்துடுச்சுன்னா?"

"நீ போடும்மா."

அவள் போட்டாள். டிஸ்க் கரகரத்தது, சுழன்றது. பத்து நிமிடம். பதினொன்று. முழுசாக வந்துவிட்டது. அடுத்த நொடி திரையில் அந்த டிஸ்க்கின் பச்சை விளக்கு அணைந்தது.

"சார், போயிடுச்சு!"

"பரவால்ல. வந்துட்டான்."

அக்கா மாடிக்கு வந்தாள். ஹெட்செட்டை நீட்டினார். அவள் தள்ளிவிட்டாள்.

"காதுல மாட்டறதெல்லாம் வேணாம். சத்தமா வை. வீட்டுல பேசற மாதிரி இருக்கட்டும். நீயும் உக்காருடா."

"நீ தனியா கேளுக்கா. நான் வெளிய…"

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார்.

இரைப்பு முதலில் வந்தது. பிறகு குரல். அக்கா ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கண்ணில் நீர் வழிய, உதட்டில் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவர் பார்த்த முதல் சிரிப்பு.

"வண்டி கிளம்பிடுச்சு தம்பி," என்றாள் பதிவில் இருந்த பெண். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"மாமா… ரெண்டு தெரு தள்ளி… ஆபீஸ்… மூணு தடவை போட்டேன்…"

"எடுக்கலையா?"

"கட்… ஆகுது. வேலையா இருப்பார்… பரவால்ல… அம்மாகிட்ட சொல்லாதீங்க… பயந்துடுவாங்க…"

அதற்கப்புறம் நெடுநேரம் இரைப்பு மட்டும். அந்தப் பெண் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு இரைப்பும் நின்றது.

 அக்கா ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் தராசின் பக்கம் திரும்பினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த நிலைமையிலும் அவர் தோளைத் தொட்டாள்.

"நீ ஏண்டா இப்படி ஆகற? சிக்னல் கிடைச்சிருக்காது. அதான் கட் ஆகியிருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

தப்பித்துக்கொள்ள வாசலை அவளே திறந்துவிட்டாள்.

"சிக்னல் இருந்துச்சுக்கா," என்றார் தராசு. "ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு. சர்வர் வேலை சாயங்காலத்துக்குள்ள முடியணும்னு… அவன் பேரைப் பாத்துட்டேதான், மூணு தடவையும் நான் கட் பண்ணேன்."