முகத்தில் அடித்தாற்போல்

காலரக்கா ஒரு சிடுமூஞ்சி என்று தையல் கூடம் முழுக்கப் பேச்சு. சட்டைக்குக் காலர் தைப்பவள், அதனால் அந்தப் பெயர். சிடுமூஞ்சி ஆனது, பாவம், அவள் மூஞ்சியாலேயேதான். வலது கன்னத்தில் ஒரு நரம்பு ஒன்றரை வருடமாக அவளைப் படுத்தி எடுக்கிறது. காற்றுப் பட்டால், எதையாவது மென்றால், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால், சுளீரென்று கரண்ட் அடிக்கும். பல் வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம். தலைக்கு மேலிருந்த ஃபேனை அவள் நிறுத்திவைக்க, பக்கத்து மெஷின்காரிகள் புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருத்தியாக இடம் மாறினார்கள். இப்போது அந்த வரிசையில் அவள் மட்டும்தான்.

அதுகூடப் போகட்டும். தங்கை பேச்சை விட்டு விலகிப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்கென்று இருப்பது அந்த ஒருத்திதான். "பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சுக்கா" என்று தங்கை போனில் சொன்ன அதே நொடியில் வலி அடித்தது. "ஐயோ, போதும்!" என்று கத்திப் போனை வைத்துவிட்டாள். அக்காவுக்கு வயிற்றெரிச்சல் என்று அந்தப் பக்கம் புரிந்துகொண்டார்கள். எழுதி அனுப்பியிருக்கலாம்தான். எழுதினால் சாக்கு என்பாள், வாய்விட்டுச் சொன்னால்தான் நம்புவாள் என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டாள். கொஞ்சம் வீம்பும் உண்டு, மறைப்பானேன்?

நரம்பு டாக்டர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார். தூக்கக் கலக்கத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு காலரைத் தலைகீழாகத் தைத்தாள். கடைசியில் வலிக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அவளை அனுப்பிவைத்தார். அந்த அம்மா சொன்னார்: "ஒண்ணையே நம்ப வேண்டாம்மா. இதைக் குறைப்போம், இன்னொரு மாத்திரை கொஞ்சமா சேர்ப்போம், கன்னத்து நரம்புக்கு ஒரு ஊசி போடுவோம். முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன். குறைஞ்சா மொதல்ல என்ன செய்யணும் உங்களுக்கு?"

"அஞ்சு நிமிஷம் பேசணும்."

ஆறு வாரம் ஆனது. சோற்றை மென்று தின்ன முடிந்தது. ஒரு நாள் ஃபேனைப் போட்டாள். யாரும் திரும்பி வரவில்லை, அவர்களுக்குப் புது இடம் பழகிவிட்டிருந்தது. வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுவரோடு பேசிப் பழகினாள். ஐந்து நிமிடம் தாண்டிய மறுநாள் காலை தங்கையைக் கூப்பிட்டாள்.

நரம்பு, பல், ஊசி, எல்லாவற்றையும் கொட்டினாள். "கல்யாணம் என்னைக்குன்னு சொல்லு. வந்துடறேன்."

"முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் தங்கை. "மூஞ்சில அடிச்ச மாதிரி போனை வெச்சவளை எப்படிக் கூப்பிடறது?"

"அடி விழுந்தது என் மூஞ்சிலதான்டி."

சொல்லி முடிப்பதற்குள் சுளீரென்றது. பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் வந்துவிட்டது. போனை வைக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா? வலிக்குதா?"

"ம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீ ஒண்ணும் பேச வேணாம். வெக்காம இரு, போதும்."