யார் கை முதலில்

எங்கள் தளத்தில் கட்டிய அந்தக் கப்பலுக்கு டீசல் கிடையாது. அமோனியாவை எரித்து ஓடும். புகைபோக்கியில் கரி வராது, கடல் காற்று கெடாது என்று பெரிய மனிதர்கள் வந்து மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அமோனியா குழாயை விட்டு வெளியே வந்தால் கண்ணை எரிக்கும், தொண்டையை அடைக்கும், கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஆளையே முடித்துவிடும். அது வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் உட்கார்வது கப்பலில் இல்லை. கரையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். எதிரே வரிசையாகத் திரைகள். அவற்றில் அதே கப்பல், குழாய்க்குக் குழாய், வால்வுக்கு வால்வு அப்படியே இருக்கும். அங்கே ஒருவர் வால்வைத் திருப்பினால் இங்கே என் வால்வு நிறம் மாறும். வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் என் திரையில் ஓர் எண் மினுங்கும்.

என் வீட்டுக்காரருக்கு நிஜக் கப்பலில் வேலை, எரிபொருள் குழாய் பொருத்துவது. "உன் கப்பல் துருப்பிடிக்காது, தூசி படியாது. உனக்கென்ன, மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கே" என்பார்.

"உங்க கப்பல் எங்க ஒழுகுதுன்னு என் கப்பல்தான் சொல்லணும். மறந்துடாதீங்க" என்பேன்.

ஆனால் எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மாவுக்கு என் திரைகள் மட்டும் போதவில்லை. "கருவி இருக்கிற இடத்துலதான் கருவிக்குத் தெரியும். மூக்கு நீங்க போற இடத்துக்கெல்லாம் கூடவே வரும்" என்பது அவர் கட்சி. அமோனியாவின் நெடி, அபாயச் சங்கு ஊதும் அளவுக்கு வருமுன்பே மூக்கில் ஏறிவிடும். அதனால் அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எரிபொருள் அறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. நெடி தெரிந்தவர் கத்தக் கூடாது. கத்துவதற்கு மூச்சை இழுத்தால் வாயுவும் உள்ளே போகும், மின்விசிறிகளின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. கையைத் தூக்க வேண்டும். ஒரு கை எழுந்தால் அறையில் உள்ள அத்தனை பேரும் வெளியே. மூக்கு வேலை செய்யாதவருக்கு எரிபொருள் அறையில் வேலை கிடையாது, கப்பலிலும் இடம் கிடையாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

அவ்வப்போது பயிற்சியும் நடக்கும். குழு முழுவதும் உள்ளே நிற்கும். பொறியாளர் அம்மா ஒரு மூலையில் சின்னக் குப்பியைத் திறந்து மூடுவார். நான் கேமராவில் பார்ப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் கைகள் எழும். எல்லாக் கைகளும் சேர்ந்தாற்போல எழுவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். எங்கள் ஆட்கள் மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தக் குழுவில் மூக்குக்குப் பேர்போனவர் என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர். தளத்தில் அவருக்குப் பெயரே மூக்கர்தான். அவரும் என் வீட்டுக்காரரும் சகலைகள் மட்டுமல்ல, ஜோடியாகவே வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் அடுப்பில் என்ன வைத்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் பெயர் சொல்லிவிடுவார். எரிச்சலாகக்கூட இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் இளம் வயதிலிருந்து கப்பல் கட்டுகிறார். ஒன்றில்கூடக் கடலுக்குப் போனதில்லை. கட்டி முடித்தால் யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். இவர் துறைமேடையில் நின்று கையை ஆட்டிவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரிடமும் பேச்சு இருக்காது. இந்தத் தடவை அப்படி இல்லை. இந்த எரிபொருளைத் தெரிந்த மாலுமிகள் இன்னும் அதிகம் இல்லை என்பதால், கட்டியவர்களிலேயே இரண்டு பேர் முதல் பயணத்தில் கூட வர வேண்டும் என்று கப்பல்காரர்கள் கேட்டார்கள். சகலைகள் இருவரையும் எடுத்தார்கள். மனிதர் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு நீலப் பை வாங்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்தார். தினமும் அதை வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி உள்ளே தள்ளுவார். சின்னப் பிள்ளை தோற்றுப்போகும்.

நடுவில் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரையே படுக்கப் போட்டது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருமல்தான். தளத்திலும் பாதிப் பேர் வரவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. உள்ளே போனால் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரிக்கட்டையாகிக் கிடக்கிறது. இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, போனில் குழாய் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? பால் வச்சிருக்கேன்" என்கிறார்.

அடுப்பை அணைத்தேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்தேன். "கண்ணை மூடுங்க. இது என்ன?" என்று மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

நன்றாக இழுத்தார். "சோப்பு" என்றார்.

பஞ்சை மேசையில் வைத்தேன். "எத்தனை நாளா?"

"காய்ச்சல்லேருந்து. திரும்ப வந்துடும்னு டாக்டர் சொன்னார்."

"அதுக்கப்புறம் நடந்த பயிற்சியிலயும் கையைத் தூக்கினீங்களே! நான் பார்த்தேனே!"

"பக்கத்துல தூக்கினாங்க, நானும் தூக்கினேன்" என்றார், பேருந்தில் எல்லோரும் இறங்கியதால் தானும் இறங்கியதைப் போல.

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவர் குனிந்து கரியைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் தனியா போகலையே. சகலை கூட இருக்காரு. அவர் மூக்கு இருக்கிறப்போ என் மூக்கு எதுக்கு? ஒரே ஒரு தடவை, நான் கட்டின கப்பல்ல நான் போயிட்டு வந்துடறேனே" என்றார். அந்தக் குரலுக்கு முன்னால் என் கோபம் நிற்கவில்லை. அதோடு, அத்தான் மூக்கை நானும்தான் நம்பினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே பெயர் சொன்ன மூக்கல்லவா?

எரிபொருள் அறைப் பம்பை முதன்முறையாக முழு அழுத்தத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. குழாய்களின் இணைப்பு ஒவ்வொன்றையும் கிட்டப் போய்ப் பார்த்து வர சகலைகள் இருவரும் உள்ளே போனார்கள். நான் என் இருக்கையில் இருந்தேன்.

பம்ப் ஓடியது. அழுத்தம் ஏறியது. எல்லாம் பச்சையாக இருந்தது. அவர்கள் கடைசி இணைப்பருகே போனபோது, அந்த மூலைக் கருவியின் எண் அசைந்தது. சங்கு தானாக ஊத வேண்டிய அளவுக்கு வெகு கீழேதான். ஆனால் அசைந்தது. பிறகு மெல்ல ஏறியது.

கேமராவைப் பார்த்தேன். இருவரும் அமைதியாக நின்றிருந்தார்கள். யார் கையும் எழவில்லை.

மூக்கரே சும்மா நிற்கிறார், அப்படியென்றால் கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? கருவியை மறுபடி சோதிக்கும் பொத்தான் மேல்கூட விரல் போய்விட்டது. எண் இன்னும் ஏறியது. படத்தைப் பெரிதாக்கினேன்.

என் வீட்டுக்காரர் இணைப்பைப் பார்க்கவில்லை. அத்தானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அது தெரிந்த கதைதான். ஆனால் அத்தான் எதைப் பார்க்கிறார்? அவரும் இணைப்பைப் பார்க்கவில்லை. அவர் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை எனக்கு ஞாபகம் வந்தது. அத்தான் என் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஆஹா, என்னமா மணக்குது!" என்றார். அடுப்பில் பாட்டில் கழுவ வைத்த வெந்நீர்தான் இருந்தது. சொன்னேன். "வெந்நீர்லயே வாசனை பிடிக்கிற மூக்கும்மா இது" என்று அவர் சிரிக்க, நானும் சிரித்தேன். அக்காவும் அந்த வாரம் பூரிப்பாகச் சொன்னாள், "இப்பல்லாம் உங்க அத்தான் என் சமையல்ல குத்தமே கண்டுபிடிக்கிறதில்லடி, எதை வச்சாலும் நல்லா இருக்குங்கறார்."

இரண்டு மூக்கும் இல்லை. அந்த அறையில் மூக்கே இல்லை.

அவசரப் பொத்தானை அறைந்தேன். பம்ப் நின்றது, சங்கு ஊதியது, விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன. திரையில் அவர்கள் இருவரும் அப்போதுதான் திடுக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்கள். அவர்கள் வெளியேறியதும் கதவு சாத்திக்கொண்டது. நான் எழுந்து போக முடியாது. எண் இறங்கி முடிக்கும்வரை என் இடம் அந்த நாற்காலிதான். இறங்கும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அதைவிட மெதுவாக எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தபோது இருவரும் நீர்த்தூவலுக்கு அடியில் உடுப்போடு நனைந்துகொண்டிருந்தார்கள். கண்கள் சிவந்து, இருமல் வேறு. மருத்துவர் பார்த்துவிட்டு, பயமில்லை, கண்ணை மட்டும் கழுவிக்கொண்டே இருங்கள் என்றார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கையைத் தூக்க என்ன கேடு?" என்றேன்.

"சகலை தூக்கலையே" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தான் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "நீ தூக்குவேன்னுதானே நான் உன்னைப் பார்த்துட்டிருந்தேன்."

"உங்களுக்குமா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்" என்றார் அத்தான், மெதுவாக. "மூக்கர் மூக்கர்னு கூப்பிடறாங்க. எப்படிச் சொல்லுவேன்?"

பிறகு அத்தான் குரலைத் தாழ்த்தி, "மேடம் கேட்டா விசிறி சத்தத்துல கவனிக்கலைன்னு சொல்லிடலாம்" என்றார்.

"மூக்கை விசிறி சத்தம் என்ன செய்யும் அத்தான்?" என்றேன். "நானும் அங்க இருப்பேன். பொய் சொன்னீங்கன்னா வாயை மூடிட்டு இருக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொன்னா கப்பல் போயிடும்" என்றார். கட்டிலுக்கடியில் இருக்கும் நீலப் பை என் கண் முன்னால் வந்தது. எனக்கு அவர் மேல் அப்படி ஓர் இரக்கம் வந்தது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் பொறியாளர் அம்மா எரிபொருள் குழு முழுவதையும் உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சகலைகள் முதல் வரிசையில், நான் பக்கச் சுவரோரம். கோணலாக உட்கார்ந்துவிட்ட ரப்பர் வளையம் ஒன்றை அவர் மேசை மேல் வைத்தார். கசிந்தது அதனால்தான். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

"வளையம் கோணலாகும். அதுக்குத்தான் நாம இருக்கோம்" என்றார். "உள்ள ரெண்டு பேர் நின்னீங்க. கரையில உட்கார்ந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சது. உங்க ரெண்டு பேருக்கும் ஏன் தெரியல?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "மேடம், அந்த விசிறி..."

நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, முழுக் கையையும், நேராக.

"எனக்கு வாசனை தெரியாது மேடம்" என்றார். "காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல. பயிற்சியில மத்தவங்க கையைப் பார்த்துத்தான் தூக்கினேன்."

பொறியாளர் அம்மா அவரையே பார்த்தார். அத்தான் அந்தக் கையை அண்ணாந்து பார்த்தார். பழக்கதோஷமோ, வெட்கமோ, அவர் கையும் மெல்ல எழுந்தது. பிறகு இரண்டாம் வரிசையில் வால்வு பொருத்துகிறவர் தூக்கினார். கதவோரம் நின்ற மின்பணியாளர் தூக்கினார். பின்னாலிருந்து இன்னொரு கை, அதற்கும் பின்னாலிருந்து இன்னொன்று. பயிற்சியில் சேர்ந்தாற்போல எழுந்து எனக்குப் பெருமை தந்த அதே கைகள் இப்போது ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி எழுந்தன. எத்தனை நாளாக இத்தனை பேர் இரண்டு மூன்று மூக்கை நம்பி உள்ளே போய் வந்திருக்கிறார்கள்!

பொறியாளர் அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "யாரும் கையை இறக்காதீங்க" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "நான் எண்ணிக்கறேன்."

என் வீட்டுக்காரர் இத்தனை நாளும் அடுத்தவர் கையைப் பார்த்தே தூக்கியவர். இன்றைக்கு அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் நின்றதால் பின்னால் எழுந்த கைகள் அவருக்குத் தெரியவும் இல்லை. தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு, கப்பல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கையை இறக்காமல் நின்றார்.