தோளுக்குப் போன கை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கவும் தெரியும். ஆனபிறகு கண்டும் காணாமல் போகவும் தெரியும். முத்துக்கருப்பனுக்கு இது தீராத குறை.

கதை எழுதுகிற அய்யாத்துரை ஒரு மாதம் விடாமல் அனுமந்தன்பட்டிக்கு வந்தான். முத்துக்கருப்பன் கம்பத்து ஏலக்காய் முதலாளி வீட்டில் முப்பது வருஷம் வாசல் காத்தவர். துப்பறியும் கதைக்கு அந்தப் பெரிய வீட்டு நடப்பெல்லாம் அவனுக்கு வேண்டியிருந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் கிழவரோடு உட்கார்ந்து பேசியவன் அவன் ஒருத்தன்தான். சுக்குத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் பாதையைப் பார்த்திருப்பார்.

அவர் சொன்ன ஒரு சங்கதியில்தான் கதையே நின்றது. நேற்றுப் பணக்காரனானவன் எத்தனை கோட்டு மாட்டினாலும், தன்னிலும் பெரியவர் எதிரே வந்தால் அவன் கை தன்னால் தோளுக்குப் போகும், இல்லாத துண்டை எடுக்க. கொலைகாரப் போலி ஜமீன்தார் அதில்தான் அகப்படுவான் என்று அய்யாத்துரை துள்ளினான்.

புத்தகம் வந்தது, அவன் வரவில்லை. காப்பிக்கடையில் பலவேசம் உரக்க வாசித்தான். கொன்றவன் வாசல் காவல்காரக் கிழவனாம்! முறுக்கு மீசை, வெட்டுப்பட்ட காது, எல்லாம் இவருடையது.

"பெரியப்பு, நெசத்தச் சொல்லுங்க, யாரத்தேன் கொன்னீக?"

கடையே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அடுப்புக்கு நெருப்பு வாங்க வருவதை நிறுத்திவிட்டாள். அச்சில் வந்தது பொய்யாகுமா என்றாளாம்.

அய்யாத்துரையைத் தேடிக் கிழவர் ஆடிச் சாரலில் நனைந்தபடி கம்பத்துக்கு நடந்தார். முதலாளி வீட்டு வராந்தாவில் புதுக் கோட்டோடு நின்றான் அய்யாத்துரை.

"ஏலே, கொன்னது நானா?"

"கதைதானய்யா. போலி ஜமீன்தார்னா முதலாளி தன்னையச் சொல்றதா நெனைப்பாக. அவுகதான அச்சுப் போட்டுக் குடுத்தாக?"

"அதுக்கு நாந்தேன் ஆப்புட்டனாக்கும்? ஒரு சீவன் என் வாசல்ல ஏற மாட்டேங்குதுடா."

"அடுத்த பதிப்புல மாத்திர்றேன், சத்தியமா. நானே வந்து பஞ்சம்மாகிட்டச் சொல்றேன். பழையபடி ஒக்காந்து பேசுவோம்."

கிழவர் மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. அதற்குள் ஒரு ஜமீன்தாரின் மோட்டார் உள்ளே நுழைந்தது. முதலாளி உள்ளிருந்து ஓடிவந்தார். அவர் கையும் அய்யாத்துரை கையும் ஒன்றுபோலக் கோட்டுத் தோளைத் தடவி, வெறுமனே இறங்கின.

முத்துக்கருப்பன் தம் துண்டை உதறித் தோளிலேயே போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"வெள்ளிக்கெழம வர்றேன்யா!" என்றது பின்னால் குரல்.

"வருவ, வருவ" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடந்தார்.