ஆடும் ஹேண்டில் பாரும் அமுதவல்லி சொல்ல வந்ததும்

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தில் காதில் விழுந்தது. பழைய பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கிய ஒரு பெண் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நான் பஸ்ஸுல வாரேனுங்க, நீங்க ஆடிக்கிட்டே வாங்க."

சொன்னபடி நாமக்கல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அந்த மனிதர் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. மற்றதற்கெல்லாம் கண்ணும் மூக்கும் வைத்தது நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அர்த்தநாரியின் பைக் மனைவி ஏறினால் மட்டும் ஆடும். காரணம் அவளுடைய எடை—'

அடித்துவிட்டேன். இந்த நகைச்சுவைக்கு என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. (வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நான் திருந்தியதற்குச் சாட்சி வேண்டுமே.)

அடுத்தது: 'மூட்டம் போட்டிருந்த அந்தக் காலையில் வெற்றிலைக் கொடிக்கால்களின் மணம்—' ம்ஹூம். பைக் ஆடுகிறது, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அர்த்தநாரிக்கும் அமுதவல்லிக்கும் பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத் தோட்டம், கூட்டுக் குடும்பம். வீட்டில் அவள் புருஷனிடம் ஒன்று கேட்டால் பதில் சொல்ல நான்கு பேர் முந்திக்கொள்வார்கள். மிச்சத்தை டி.வி. சொல்லும். ஞாயிறுதோறும் ஹாஸ்டலில் இருக்கும் மகளைப் பார்க்க நாமக்கல் போகிறார்களே, அந்தப் பைக்கில்தான் இருவரும் பேசிக்கொள்வது. அவள் பஸ்ஸுக்கு மாறிவிட்டால் அதுவும் போச்சு. இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தால், நீங்கள் கூட்டுக் குடும்பத்தில் இருந்ததில்லை.

3

ஒரு ஞாயிறு நாமக்கல் போகும் வழியில் பைக் ஆட ஆரம்பித்தது. மெக்கானிக் ஷஹ்பாஸ் டயரில் காற்றுப் பார்த்தான், ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தான், பைபாஸ் வரை ஓட்டியும் பார்த்தான். கோடு போட்ட மாதிரி போனது.

"வண்டியில ஒண்ணுமில்லீங்கண்ணா. ரோடு சரியில்ல."

அடுத்த ஞாயிறும் ஆடியது. ஷஹ்பாஸ் மறுபடி ஓட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"ஏப்பா, அதே ரோடு உனக்கு மட்டும் எப்படி நல்லாயிருக்குது?" என்றான் அர்த்தநாரி.

[ஷஹ்பாஸைத் தொழில் தெரியாதவனாக எழுதிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். அப்படியில்லை. அவன் தனியாக ஓட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். நானும் அர்த்தநாரியை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. கதையும் இல்லை.]

மூன்றாவது ஞாயிறுதான் அவள் பஸ் ஏறினாள். அன்று மாலை ஒரு தவணை கொடுத்தாள்: "வார ஞாயித்துக்கெழம ஒருக்கா ஏறிப் பாக்கறேன். ஆடுச்சுன்னா அப்பறம் எப்பவும் பஸ்ஸுதானுங்க."

4

அந்த ஞாயிறு ஷஹ்பாஸ் தன் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனான்.

ஊர் தாண்டியதும் அமுதவல்லி தொடங்கினாள்: "ஏனுங்க, மூணு வாரமாச் சொல்ல வாரேன்..."

அர்த்தநாரிக்குக் கேட்கவில்லை. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தான். இடது கையை எடுத்து ஹெல்மெட்டைக் காதிலிருந்து நகர்த்திக்கொண்டு, "என்ன புள்ள?" என்றான். ஹேண்டில் பார் சல்லடை சலிப்பது போல உதறியது. அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது கை திரும்பி வந்ததும் ஆட்டம் நின்றது.

கடைக்கே திருப்பிக் கூட்டிவந்தான் ஷஹ்பாஸ். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவைத்து, அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தான். டக், டக்.

"கோன்செட்டு போச்சுங்கண்ணா. ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங்கு. முன் டயரும் மேடு பள்ளமாத் தேஞ்சிருக்குது. ரெண்டு கையும் இறுக்கிப் புடிச்சா ஒண்ணும் தெரியாது, நான் அப்படித்தான் ஓட்டியிருக்கேன். வேகம் கொறையறப்போ ஒரு கைய எடுத்தா உதறுமுங்க."

இரண்டையும் மாற்றினான்.* "இனிமே ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருக்கோணும்."

"அப்ப இவ பேசறது எப்படிக் கேக்கும்?" என்றான் அர்த்தநாரி. பாவம், நிஜமாகவே கேட்டான்.

* மாற்றிய பிறகு ஒரு கையை எடுத்தாலும் அநேகமாக ஆடாது. அதைச் சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும் என்று ஷஹ்பாஸின் வாயைக் கட்டிவிட்டேன்.

5

ஒரு முடிவு: அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான், அவள் கத்திப் பேசுகிறாள். அவர்கள் வீடு திரும்புவதற்குள் சேதி மாமியாருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு முடிவு: மகள் இருவருக்கும் ஹெல்மெட்டுக்குள் மாட்டும் ஸ்பீக்கர் வாங்கி—

"ஏனுங்க எழுதறவரே," என்றாள் அமுதவல்லி. "பின்னாலிருந்து பேசினா காத்து அடிச்சுட்டுப் போயிருது. முன்னாலிருந்து பேசினா பின்னால இருக்கறவருக்குத் தானா வந்து சேரும். நான் ஓட்டறேன்."

"உங்களுக்குக் கியர் வண்டி—" என்று இழுத்தேன்.

"தெரியாதுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டா ஆச்சா? கண்ணாலத்துக்கு முந்தியே எங்கண்ணன் வண்டியில கத்துக்கிட்டேன்."

(உண்மைதான். நான் கேட்கவே இல்லை.)

அர்த்தநாரி சாவியைக் கொடுத்தான். பின்னால் ஏறி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடி, கடைசியில் அவள் தோளில் வைத்தான். வண்டி கிளம்பியது.

நானும் ஷஹ்பாஸும் கடை வாசலில் நின்று பார்த்தோம். வண்டி ஆடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அர்த்தநாரியின் தலை முன்னால் சாய்ந்தது. பிறகு, அத்தனை தூரத்திலிருந்தும் கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்கா என்ன சொல்லியிருப்பாங்க?" என்றான் ஷஹ்பாஸ்.

எனக்குத் தெரியாது. அந்த வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வீட்டில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்தில் நின்ற அந்த மனிதருக்கு மட்டும் இதெல்லாம் இன்னும் தெரியாது. வேலூர்ப் பக்கம் அவரைப் பார்த்தால், முதலில் கோன்செட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சாவியை வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.