ஒன்பது இலை கூடுதல்

2022 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுங்கா லேபர் கேம்ப் ஜெயசீலியின் இடது மணிக்கட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நிறம் கழன்று இறங்கி, வாசலில் கிடந்த செருப்புகளைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது. அன்று தக்காளி கிலோ நாற்பது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெயசீலி, “சொல்லிட்டுப் போனா என்னவாம்?” என்று மட்டும் கேட்டாள். கையில் வெள்ளை வட்டம் மிச்சமிருந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் அவள் கணவன் ஜோன்ஸ், அம்பர்நாத் ஆலையில் ஏணியிலிருந்து விழுந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, நொண்டிக்கொண்டு வீடு வந்திருந்தான். நாற்பது நாளும் அவள் அழவில்லை, தூங்கவுமில்லை. தோல் டாக்டர் ஷைஸ்தா விளக்கினாள்: சிலர் உடம்பில் காவல்காரர்கள் பிறவியிலேயே முரடர்கள், கவலையில் அவர்களும் விழித்துக் கிடந்து, திருடன் எவனும் அகப்படாமல், தோலுக்கு நிறம் கொடுக்கும் அப்பாவிக் குடித்தனக்காரர்களையே அடித்து விரட்டுவார்கள், இது யாருக்கும் ஒட்டாது. களிம்பு எழுதிக்கொடுத்து, டென்ஷன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இந்தியில், “டென்ஷன் நை லேனே கா” என்றாள். “நான் எங்க எடுத்தேன்? அதுவாத்தான வருது” என்று ஜெயசீலி தமிழில் சொல்லிவிட்டு வந்தாள்.

விரட்டப்பட்ட நிறங்கள் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. ஒன்று தினமும் மோனோ ரயிலில் வடாலா வரை போய்த் திரும்பியது. ஒன்று மழைக்கு ஒதுங்கி, இட்லி விற்கும் முருகம்மாளின் கொப்பரை ஓரம் குளிர்காய்ந்தது. நம்பாதவர்கள் அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜனவரியில் கோயில் அசனம் வந்தது. சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்தில் பதினாறு வருஷமாகச் சோற்று அகப்பை ஜெயசீலி கையில்தான். கமிட்டிச் செயலாளர் சந்தியாகு வீட்டுக்கே வந்தார்.

“இந்த வருஷம் நீ பந்தியில நிக்க வேண்டாம்மா. சனங்க ஒரு மாதிரி பேசுதாவ.”

அவர் பேசி முடிப்பதற்குள் அவள் கழுத்திலிருந்து மூன்று நிறங்கள் இறங்கிப் போயின. ஆக மொத்தம் பதினொன்று.

“பேசட்டும் அண்ணாச்சி. என் கை ஒட்டாது. கோவம் ஒட்டும், பாத்துக்கிடுங்க.”

அசனத்தன்று அவள் அரைக்கை ரவிக்கையோடு வந்து, சந்தியாகுவின் கையிலிருந்தே அகப்பையைப் பிடுங்கினாள். முந்நூறு பேர் நின்றார்கள், ஒருவரும் உட்காரவில்லை. அப்போது வாசல் வழியாகப் பதினொரு நிறங்களும் வரிசையாக வந்து முதல் பந்தியில் அமர்ந்தன. ஜெயசீலி முகம் மாறாமல் ஒவ்வொரு இலைக்கும் சோறு வைத்தாள். பதினோராவதின் பக்கத்தில் ஜோன்ஸ் காலை நீட்டி உட்கார்ந்தான், அடுத்து முருகம்மாள். கறிக்குழம்பு வாசனைக்கு முன்னால் வீம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? கால் மணி நேரத்தில் இலை போதவில்லை.

சாப்பிட்ட நிறங்கள் அவள் காலடியில் வந்து நின்று மேலே பார்த்தன.

“வாரதுன்னா வாங்க, வரலைன்னா போங்க. ஒங்களுக்காவ நான் ஒண்ணும் காத்துக் கிடக்கல” என்று சொல்லிவிட்டு அவள் அண்டாவைச் சுரண்டப் போனாள். இரண்டு மட்டும் ஏறிக்கொண்டன. அது களிம்பின் வேலை என்று டாக்டர் எழுதிவைத்திருக்கிறாள், இருக்கலாம்.

இப்போதும் ஜெயசீலிதான் பரிமாறுகிறாள், வெள்ளையும் கருப்புமான கையால். இலை போடும்போது சந்தியாகுவே குரல் கொடுக்கிறார்: “ஒம்பது இலை கூடப் போடுங்கல. முருகம்மா வீட்டுல இருக்கது கறி திங்காது, அதுக்குக் கத்தரிக்கா வைங்க.”