தொட்டில் அறை

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. சலவை ஆலைக்குள் மட்டும் அதற்குள் உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பாய்லர் ஆவி இரும்புக் குழாய்களில் சீறியது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் ஈரமும் கனமுமாக வண்டி வண்டியாய் வந்து இறங்கின. பெண்கள் இருவர் இருவராக நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி, சுழன்று இஸ்திரி போடும் சுடு உருளைக்குள் கொடுக்க வேண்டும். துணியை உருளை கவ்வும் கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் துணியோடு கையும் போகும்.

இரண்டாவது உருளையில் நெட்டை நின்றாள். ஆள் உயரம் என்பதால் வந்த பெயர். மேல் தட்டில் எது இருந்தாலும் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். "இந்த ஆலையில உயர்ந்தது நான் ஒருத்திதான், சம்பளம் உயரவே இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. கண் திறந்திருக்கும்போதே தூங்குகிற வித்தை மட்டும் கைவந்திருந்தது.

எட்டு மணி வாக்கில் மார்பு கட்ட ஆரம்பிக்கும். ஒன்பதுக்குக் கல்லாகிவிடும். கையை உயர்த்தி விரிப்பை உதறும்போதெல்லாம் அக்குள்வரை வலி சுண்டி இழுக்கும். சீருடையின் முன்பக்கம் நனைந்து ஆவியில் காய்ந்து மறுபடி நனையும்.

"ஏம்மா, விரிப்புல கறை பட்டிருக்கு பாரு" என்றார் மேற்பார்வையாளர். கழிப்பறைக்குப் போகிறவர்களைக் கைக்கடிகாரத்தோடு வாசல்வரை விரட்டுவதால் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர்.

"கறை இல்லைங்க. பால்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, போ. மூணு நிமிஷம்."

கழிப்பறைத் தொட்டியின் மேல் குனிந்து பாலைப் பீய்ச்சினாள். வெதுவெதுப்பாக ஓடி, துருப்பிடித்த துவாரத்துக்குள் இறங்கியது. எடுத்து வைக்கச் சுத்தமான இடம் கிடையாது. குளிர்ச்சியான மூலையும் கிடையாது. அரைமணி நடைத் தொலைவில் அவள் மகள் பசித்து அழுதுகொண்டிருப்பாள். இரவெல்லாம் ஒரு கிடங்கு வாசலில் காவல் காத்துவிட்டு வந்த கணவன், பாதித் தூக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் விடியுமுன் பீய்ச்சி வைத்துவிட்டு வந்த ஒரு டம்ளர் பாலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவான். அது இரண்டு வேளைக்குக்கூட வராது. அப்புறம் சர்க்கரைத் தண்ணீர்தான்.

முந்தின நாள் சுகாதார நிலையத்தில் நர்ஸ் குழந்தையைத் தராசில் போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, உதட்டைப் பிதுக்கினாள். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

"போன மாசம் இருந்த எடைதான் இந்த மாசமும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம்னு சொன்னேனே. உனக்குப் பால் பத்தலையாம்மா?"

"பால் இருக்கு சிஸ்டர். நான்தான் வீட்ல இல்ல."

நர்ஸ் பேனாவை மூடினாள். "வேலை செய்யுற இடத்துல குழந்தைக்கு இடம் இருக்கணுமே?"

இடம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஆலையில் துணி மடிக்கும் மடிப்பு மேசைக்குப் பின்னால், சுவரில் வாத்துப் படமும் மூலையில் இரண்டு தொட்டில்களுமாக ஓர் அறை. அரசாங்கத்திலிருந்து பார்வையிட வந்தவர்களுக்காக ஒரே வாரத்தில் வெள்ளையடித்துத் தயாரானது. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போன மறுநாளே சோப்புத்தூள் மூட்டைகள் குடியேறிவிட்டன.

நெட்டை உருளைக்குத் திரும்பியபோது எதிர்முனையில் சிட்டு தள்ளாடிக்கொண்டிருந்தாள். குருவி மாதிரி சின்ன உடம்பு, அதில் ஏழு மாத வயிறு. காலிரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நின்றாள்.

"தண்ணி குடிச்சியாடி?"

"குடிச்சா போக வேண்டி வருது அக்கா. நிமிஷம் கணக்கு பாக்குறாரு."

"ஒரு ஸ்டூல் கேளேன்."

"கேட்டேன். உக்காந்தா தூக்கம் வருமாம்."

அடுத்த விரிப்பை உதறினார்கள். சிட்டு தன் முனையை உருளையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. அவள் கண்கள் மேலே செருகுவதை நெட்டை பார்த்துவிட்டாள். துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றுவிட்டது. ஆனால் முன்கை அதற்குள் சூட்டில் பட்டிருந்தது. சிட்டு சத்தம்கூடப் போடவில்லை. ஈரத் துணிக் குவியலின் மேல் பக்கவாட்டில் சரிந்தாள்.

துணி ஏற்றும் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன மடிப்பு மேசை அக்கா மதியம் திரும்பி வந்தாள். எல்லோரிலும் மூத்தவள் அவள். சேதி கேட்க எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வயித்துல புள்ள துடிப்பு இருக்கு. கை வெந்து தோல் உரிஞ்சு போச்சு. உடம்புல தண்ணியே இல்லையாம். இந்த நிலையில இவ்வளவு நேரம் நிக்க வச்சது யாருன்னு டாக்டரம்மா என்னைத் திட்டுறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த நேரம் முதலாளி படியிறங்கி வந்தார். நின்றுபோன உருளையைத்தான் முதலில் பார்த்தார்.

"சாயங்காலம் ஓட்டலுக்குப் போக வேண்டிய துணி கிடக்கு. இங்க என்ன கூட்டம்?"

நெட்டை ஓர் அடி முன்னால் வைத்தாள். "ஐயா, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஸ்டூல் வேணும். தண்ணி குடிக்க, கழிப்பறை போகக் கணக்கு வைக்கக் கூடாது. அந்தத் தொட்டில் அறையத் தொறந்து விடுங்க. எங்க புள்ளைங்களுக்கு வேளாவேளைக்குப் பால் கொடுக்கணும்."

"புள்ள பெத்துக்கிறது உங்க சொந்த விஷயம். அதுக்கு ஆலை என்ன பண்ணும்? முடியாதவங்க வீட்ல இருந்து வளர்த்துட்டு வரட்டும்."

"வீட்ல இருந்தா வீட்ல அடுப்பு எரியாதுங்க."

"அந்த ரூம்ல சோப்பு இருக்கு. எடுத்து என் தலையிலயா வைக்கட்டும்?"

"தாழ்வாரத்துல வைக்கலாம்."

"நனைஞ்சிடும்."

"சோப்பு நனையக் கூடாது. எங்க புள்ளைங்க மட்டும் காயலாமா?"

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. முதலாளியின் முகம் சிவந்தது. "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

நெட்டை மடிப்பு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மடிப்பு மேசை அக்கா தன் கையிலிருந்த விரிப்பை நாலாக மடித்து ஓரமாக வைத்தாள். "நான் மூணு புள்ள பெத்தேன். மூணையும் இங்க நின்னுக்கிட்டேதான் சுமந்தேன். நடுவுல உள்ளது தங்கல. அப்ப ஒருத்தரும் வாயைத் திறக்கல, நானும் திறக்கல." நெட்டையைக் கை காட்டினாள். "அவ நாளைக்கு வருவா. நாம எல்லாரும் வருவோம். கைக்குழந்தை உள்ளவங்க தூக்கிட்டு வாங்க."

"வேலை போயிடுமே அக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஒருத்திய அனுப்பலாம். நாப்பது பேரை அனுப்பிட்டு யாரை வச்சுத் துவைப்பாரு? அவரே துவைக்கட்டும், பாக்க நல்லாத்தான் இருக்கும்."

களைத்த முகங்களில் சிரிப்பு ஒன்று ஓடி மறைந்தது.

மறுநாள் விடியலில் வந்தார்கள். நெட்டையின் கணவன் காவல் முடிந்த கையோடு, சிவந்த கண்களோடு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். ஆறு கைக்குழந்தைகள், நடக்கப் பழகிய மூன்று. சிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றே ஒன்று சொல்லியனுப்பியிருந்தாள்: எனக்கும் சேர்த்து இடம் போடுங்க.

உருளைகளின் பக்கம் யாரும் போகவில்லை. வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சோப்புத்தூள் பறந்து எல்லோரும் தும்மினார்கள். பிறகு தரையையும் சுவரையும் மூன்று தடவை கழுவித் துடைத்தார்கள். "ஊரான் வீட்டு அழுக்கெல்லாம் வெளுத்தோம், இது நம்ம வீட்டு அழுக்கு" என்றாள் ஒருத்தி. நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். சன்னலைத் திறந்துவிட்டு, தரை காய்ந்ததும் விரிப்புகளைப் பரப்பினார்கள்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தபோது ஆலையில் ஆவியின் சீறல் இல்லை. பாய்லரை ஓட்டும் பாய்லர் அண்ணன் தொட்டில் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன் ஆவி ஏறல?"

"நான் ஏத்தலைங்க."

"போலீசைக் கூப்பிடுவேன். யாரைக் கேட்டு இந்த ரூமைத் தொறந்தீங்க? எல்லாரையும் ஒரே நாள்ல..."

அவர் குரல் கட்டிடம் முழுக்க எதிரொலித்தது. உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நெட்டையின் மடியில் குழந்தை திடுக்கிட்டு வாயை எடுத்தது. உதடு பிதுங்கியது. அவள் தட்டிக்கொடுத்தாள். குழந்தை மறுபடி தேடிப் பிடித்து மடக் மடக்கென்று விழுங்கத் தொடங்கியது. அவள் மார்பின் கல் மெல்ல மெல்லக் கரைந்தது. பகல் வெளிச்சத்தில் மகள் குடிப்பதை அவள் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

பாய்லர் அண்ணன் சொன்னார்: "ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. புள்ள பால் குடிக்குது."

முதலாளி வாயைத் திறந்தார். அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களையும், தாழ்வாரத்தில் நின்றவர்களையும், மூட்டைகளின் மேல் சாய்ந்திருந்தவர்களையும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றார், தன்னையறியாமலே குரலைத் தணித்து. "என்னதான் வேணும் உங்களுக்கு?"

மடிப்பு மேசை அக்கா சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளோடு மற்றவர்களும் எழுந்தார்கள்.

"உக்காருங்க ஐயா," என்றாள் அவள். "கொஞ்சம் நேரமாகும்."